கயிறு கைமாறிய பத்துக் கிலோமீட்டர்

பிப்ரவரியில் சென்னையில் நடக்கவிருக்கும் அரை மராத்தானுக்கு மலரும் நானும் பெயர் கொடுக்கப் போனபோது அமைப்பாளர்கள் ஒரு நிபந்தனை சொன்னார்கள். அதற்கு முன்னால் ஏதாவது ஓர் ஊரில் பத்துக் கிலோமீட்டர் பந்தயம் ஒன்றை எழுபது நிமிடத்துக்குள் ஓடி முடித்து, எழுத்தில் சான்று கொண்டுவர வேண்டும். வேறு யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை. மலருக்குக் கண் தெரியாது, அதனால் கேட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் இருபத்தொரு கிலோமீட்டரில் இறங்குவதற்கு முன் சின்னப் பந்தயம் ஒன்றில் ஒத்திகை பார்ப்பது எல்லோரும் செய்கிற காரியம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேடியதில் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருந்தது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை அச்செடுத்துத் தபாலில் அனுப்பினேன். இதுபோல ஓடப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இந்தப் பதிவு. யாருக்கும் பயன்படாத சில விஷயங்களும் இதில் வரும். அவற்றை விட்டுவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

மலர்விழி எங்கள் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். வயது இருபத்தொன்பது. நான் அங்கே கிளார்க், அவளைவிட ஏழு வயது மூத்தவள். ஐந்து மாதமாக வாரத்தில் நான்கு நாள் காலையில் திருவான்மியூர் பக்கம் ஒரு மைதானத்தில் சேர்ந்து ஓடுகிறோம். ஒன்றரை அடி நீளப் பருத்திக் கயிறு, இரண்டு முனையிலும் வளையம். ஒன்று அவள் கையில், இன்னொன்று என் கையில். மேடு, பள்ளம், இடது, வலது என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்பது எங்கள் வேகம். அது எங்கள் இருவரின் வேகம் என்று நான் நம்பியிருந்தேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்கு முந்தைய புதனும் வியாழனும் எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். மலர் போனில் கேட்டபோது வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், அதனால்தான் லீவு என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் போக வேண்டாம் என்பாள். போகாவிட்டால் சான்று கிடையாது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டிருந்தது. சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை 10.40க்குத் திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தைப் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்கு அறுபது ரூபாய். கோயம்பேட்டிலேயே ஏறியவர்களுக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. எங்களுக்கு மகாபலிபுரம் தாண்டித்தான் கிடைத்தது. அடுத்த நாள் ஓடப் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போகக் கூடாது. கோயம்பேட்டுக்கே போய் ஏறுங்கள். மரக்காணம் வந்ததும் மலர் ஜன்னல் பக்கம் திரும்பி, "உப்பளமாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் முதுகு வலித்துக்கொண்டிருந்தது.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மணி 2.15. அங்கிருந்து சாரம் என்ற பகுதிக்கு ஆட்டோ, முப்பது ரூபாய். அங்கே ஒரு சின்ன லாட்ஜில் இரண்டு கட்டில் அறை, ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பது. கடற்கரைப் பக்கம் தங்கினால் காலையில் நடந்தே போய்விடலாம், ஆனால் வாடகை மூன்று மடங்கு. சாரத்திலிருந்து கடற்கரைக்கு மூன்றரைக் கிலோமீட்டர்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோ வேண்டுமென்றால் முதல் நாளே ஓட்டுநரிடம் சொல்லி வைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

மாலை ஐந்து மணிக்கு எண் வாங்கப் போனோம். ஒரு பள்ளி வராந்தாவில் மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவங்களா ஓடப் போறாங்க? ரோட்டுல வண்டி வரும் மேடம். முழுசா நிறுத்தச் சொல்லிப் போலீசுல கேட்டோம், பீச் ரோடு மட்டும்தான் குடுத்தாங்க. முத்தியால்பேட்டைல ஒரு பக்கம் பஸ் போயிட்டுதான் இருக்கும்."

"நான் கூட இருப்பேன் சார்," என்றேன்.

"நீங்க இருப்பீங்க. எதுனா ஆச்சின்னா நாங்கல்ல பதில் சொல்லணும்."

அதுவரை பேசாமல் இருந்த மலர், "சார், என்ன எழுதித் தரணுமோ தரேன். கையெழுத்துப் போடுவேன்," என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி. எல்லாரும் போன பிறகு பின்னால நின்னு கிளம்புங்க. கயிறு விடக் கூடாது. வழியில எங்கனா கயிறு இல்லாம ஓடறதப் பாத்தோம்னா அங்கயே நிறுத்திடுவோம்," என்றார். மலரின் எண் 211, என்னுடையது 212.

அன்று இரவு அவள் எட்டரைக்கே தூங்கிவிட்டாள். நான் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சூடு இல்லை. காலில் மட்டும் ஏதோ பலம் இல்லாத மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை 5.10க்கு ஆட்டோ வந்தது. காந்தி சிலை அருகே சுமார் முந்நூறு பேர். இன்னும் இருட்டு. கடல் சத்தம் பக்கத்தில் கேட்டது. பாதையை முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். காந்தி சிலையிலிருந்து கடற்கரைச் சாலையின் தெற்கு முனை வரை போய்த் திரும்பி, வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். அங்கிருந்து மேற்கே முத்தியால்பேட்டைக்குள் நுழைந்து, கருவடிக்குப்பத்தில் திரும்ப வேண்டும். அது ஐந்தாவது கிலோமீட்டர். வரும்போது மகாத்மா காந்தி சாலை வழியாக நேரே தெற்கே வந்து, மறுபடி கடற்கரைச் சாலை, மறுபடி தெற்கு முனை, கடைசியில் காந்தி சிலை.

6.15க்கு விசில் ஊதினார்கள். சொன்னபடி எல்லோரும் போகக் காத்திருந்து கிளம்பினோம். முதல் கிலோமீட்டர் ஏழு நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். வாட்சைப் பார்த்தால் 6 நிமிடம் 40 விநாடி. கயிறு விறைத்திருந்தது. மைதானத்தில் எப்போதும் அது தொய்வாகத்தான் தொங்கும். "மெதுவா மலர், மெதுவா," என்றேன். "சாரிக்கா," என்று வேகத்தைக் குறைத்தாள். அரை நிமிடத்தில் கயிறு மறுபடி விறைத்தது.

கடற்கரைச் சாலை ஓடுவதற்கு அருமையான தரை. பிரச்சினை குருசுக்குப்பத்தில் ஆரம்பித்தது. தெரு குறுகியது, வாசலில் மோட்டார் சைக்கிள்கள், ஓரமாக உலர்த்திய வலை, குழாயடியில் குடங்களோடு பெண்கள். "இடது. இன்னும் இடது. பள்ளம். நேரா. மேடு." மூச்சு முழுக்க இந்தச் சொற்களுக்கே போனது. குடத்தோடு நின்ற ஒருத்தி, "ஏ, அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுடி. வழி வுடுங்க," என்று பக்கத்தில் நின்றவர்களைத் தள்ளி நிறுத்தினாள். மலர் சிரித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

எனக்குப் புரிந்துபோனது. ஐந்து மாதமாக அவள் எனக்காகத்தான் ஏழு நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். வழி காட்டுகிறேன் என்று காலையில் எழுந்து போய்க்கொண்டிருந்த நான்தான் அவளை இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

கருவடிக்குப்பத்தில் திரும்பும்போது 36 நிமிடம். தண்ணீர் கொடுத்தார்கள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். அது தவறு; ஐந்து நிமிடத்தில் வயிறு புரட்டியது. வெயில் ஏறியிருக்கவில்லை, ஆனாலும் கழுத்தெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. சாலையின் விளிம்பு அலைவது போல் இருந்தது. நின்றுவிடலாமா என்று நினைத்தேன். நின்றால் எழுபது நிமிடம் போய்விடும். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓடினேன்.

மணிக்கூண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. என் காலில்தான் அது முதலில் பட்டது. நான் தடுமாறி மேலே ஏறினேன். "மேடு" என்ற சொல் வாயில் வரவில்லை. மலர் முழு வேகத்தில் அதில் இடித்து முன்னால் விழுந்தாள். கயிற்றில் நானும் இழுபட்டு முட்டி போட்டேன். எங்களுக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளி ஒரு நகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வலது முட்டியிலும் உள்ளங்கையிலும் ரத்தம். கயிற்று வளையம் மணிக்கட்டிலேயே இருந்தது.

"என்னக்கா ஆச்சு? ஏன் சொல்லல?"

"தல சுத்துது மலர்." பிறகு அதையும் சொல்லிவிட்டேன். "புதன்கெழம, வியாழக்கெழம எனக்குக் காய்ச்சல். விருந்தாளி யாரும் வரல."

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். நாற்பது வயதிருக்கும். வெட்டிய தலைமுடி, எண் 147. மலரின் தோளைப் பிடித்து, "துஸ்மான், துஸ்மான். மெதுவா எழுந்திரு. கால ஊனிப் பாரு," என்றார். மெதுவாக என்பதைத்தான் முதலில் பிரெஞ்சில் சொல்கிறார் என்று புரிந்தது. பாட்டில் தண்ணீரை முட்டியில் ஊற்றி, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அதில் சுற்றினார். மலர் எழுந்து நின்று இரண்டு முறை முட்டியை மடக்கிப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் ஆச்சுக்கா?"

"நாப்பத்தெட்டு."

"உங்களால ஓட முடியுமா? நெஜத்தச் சொல்லுங்க."

"முடியாது."

அவள் அந்தப் பெண்ணின் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீங்க கிலோமீட்டருக்கு எவ்ளோ நேரத்துல ஓடுவீங்க?"

"நானா? அஞ்சரை. ஸ்டார்ட்டுக்கே பத்து நிமிஷம் லேட்டா வந்தேன், அதான் கடசில வந்துட்டு இருக்கேன்."

"என் கூட ஓட முடியுமா? இந்தக் கயித்தப் புடிச்சிக்கணும். மேடு, பள்ளம், இடது, வலது. அத மட்டும் சொன்னாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வளையத்தைக் கழற்றி அவர் கையில் மாட்டினேன். மீதம் மூன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருப்பது இருபத்தொரு நிமிடம். அவர்கள் கிளம்பினார்கள். இருபதடி போவதற்குள் அவர் "கோஷ்... இல்ல இல்ல, எடது, எடது பக்கம்," என்பது கேட்டது. மலரின் ஓட்டத்தைப் பின்னாலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஐந்து மாதமாகப் பக்கத்திலேயே ஓடினால் அது தெரியாது. கால் தரையில் பட்டதும் எழும்பிக்கொண்டே இருந்தது. தெருத் திருப்பத்தில் மறைந்துவிட்டார்கள்.

நான் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பயம் வந்தது. பெயர் தெரியாத ஒருவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் மலருக்கு யாரையும் தெரியாது. நடந்து போனால் எனக்கு நாற்பது நிமிடம் ஆகும்; அதுவரை அவள் எங்கே, யாரோடு நிற்பாள்? நடந்தாவது பந்தயத்தை முடித்தால் எனக்கும் ஒரு சான்று கிடைக்கும் என்ற நினைப்பும் ஒரு நிமிடம் வந்தது. எழுந்து கை காட்டி ஆட்டோவை நிறுத்தினேன்.

ஓட்டுநர் என் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார். "இன்னாம்மா, ரேசுல ஓடறவங்க ஆட்டோல போறீங்க?"

"முடியலங்க. காந்தி சிலைக்குப் போங்க, சீக்கிரம்." நடந்ததைச் சொன்னேன். தலைமுடி வெட்டியவர், பிரெஞ்சு கலந்து பேசுகிறவர் என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அது கருவடிக்குப்பத்து சொல்தா வூட்டு அம்மா. செலின்னு பேரு. வூட்டுக்காரரு பிரான்சு மிலிட்டரில சிப்பாயா, அதான் சொல்தாவா, இருந்து பென்சன் வாங்கறாரு. அந்தம்மா தெனம் காலைல ஓடும், மழ பேஞ்சாலும் ஓடும். அது கூடப் போயிருந்தா ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க."

பயம் பாதி குறைந்தது. கடற்கரைச் சாலைக்குள் வண்டி விடவில்லை. முனையிலேயே இறங்கி முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு, காந்தி சிலைக்கு நடந்தேன். முடிவுக் கோட்டருகே மேசை போட்டு, அதற்கு முன்னால் பெரிய கடிகாரம் வைத்திருந்தார்கள். 61 நிமிடம். கண்ணாடிக்காரர்தான் அங்கேயும் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், நான் தெற்குப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

64. 66. ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு அப்பாவும் மகளும். பேண்டை முழங்கால் வரை சுருட்டிய ஒருவர். 67. முட்டி வீங்கி நின்றிருப்பாளோ, மறுபடி விழுந்திருப்பாளோ. 68. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சத்தம் கேட்டது. "த்ருவாத். த்ருவாத். நேரா, நேரா, தரை நல்லா இருக்கு, வா வா." செலின் வலது இடதையெல்லாம் பிரெஞ்சிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மலர் அதற்குத் தகுந்தாற்போல் விலகி விலகி ஓடி வந்தாள். முட்டியில் கட்டிய துணி சிவப்பாகியிருந்தது. கயிறு இருவருக்கும் நடுவில் தொய்வாகத் தொங்கியது.

69 நிமிடம் 25 விநாடி.

கண்ணாடிக்காரர் சான்றுத் தாளை எடுத்து, எழுதாமல் நிறுத்தினார். "இவங்க கூட 212 தானே வரணும்? நீங்க 147 ஆச்சே."

செலின் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மலர் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "சார், கயிறு விடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. கீழ விழுந்தப்பக்கூட நான் விடல. யாரு புடிக்கணும்னு நீங்க சொல்லல."

"212 எங்க?"

"நான்தான் சார். நான் முடிக்கல. முத்தியால்பேட்டைல இருந்து ஆட்டோல வந்தேன். இவங்க விழுந்தது என்னால," என்றேன்.

அவர் பெயர்ப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார். பிறகு மலரின் முட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிபட்டு எவ்ளோ தூரம் ஓடினாங்க?"

"மூணே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி," என்றார் செலின்.

சான்றில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தி, மலரின் கையிலேயே கொடுத்தார். "மொதல்ல போயி மருந்து போடுங்க. ஆம்புலன்ஸ் அங்க நிக்குது."

டிங்சர் போடும்போது மலர் கத்தவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு கடல் பக்கக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். செலின் தேநீர் வாங்கப் போயிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"விழுந்தது பரவால்லக்கா. மைதானத்துல எத்தன வாட்டி விழுந்திருக்கேன். ஆனா நான் ஓடறது உங்க கொரல வச்சித்தான். அதுலயே பொய் இருந்தா எத நம்பி அடுத்த கால வைக்கறது?"

"நீயும்தான் சொல்லல. உன்னால அஞ்சரைல ஓட முடியும்னு," என்றேன்.

"சொன்னா நீங்க வராம நின்னுடுவீங்களோன்னு பயம்," என்றாள். "காலைல அஞ்சரை மணிக்கு வேற யாரு வருவாங்க?"

செலின் மூன்று தேநீரோடு வந்தார். பிரான்சில் தூலோன் நகரத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தாராம், அங்கேதான் ஓடப் பழகினாராம். திரும்பி வந்து இரண்டு வருடமாகத் தனியாகத்தான் ஓடுகிறாராம். பிப்ரவரிப் பந்தயத்தைப் பற்றி நான்தான் அவரிடம் சொன்னேன். மலருக்கு வலிக்காமல் சொல்ல வேண்டுமென்று தேநீர் ஆறும்வரை யோசித்தேன். வாயைத் திறந்தபோது எனக்குத்தான் வலித்தது. "அன்னிக்கு நீங்க கயிறு புடிக்க முடியுமா?" செலின் மலரைப் பார்த்தார். மலர் தலையை ஆட்டினாள். "அப்ப வரேன்," என்றார் செலின். "ஆனா எனக்கு அவசரத்துல பிரெஞ்சுதான் வரும்." "கோஷ் எடது, த்ருவாத் வலது. கத்துக்கிட்டேன்," என்றாள் மலர்.

மதியம் 1.30 பேருந்தில் கிளம்பி 5.20க்குத் திருவான்மியூரில் இறங்கினோம்.

புதுச்சேரியில் ஓட நினைப்பவர்களுக்கு: ஜனவரி நல்ல மாதம். கடற்கரைச் சாலையில் மட்டும் ஓடிப் பழகிவிட்டு ஊர் முழுதும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள். குப்பத்துத் தெருக்களில் வேகம் குறையும். முத்தியால்பேட்டையில் வேகத்தடைகள் உண்டு, பலவற்றுக்கு வெள்ளைக்கோடு கிடையாது. முதல் நாளே ஆட்டோவில் பாதையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், ஐம்பது அறுபது ரூபாய்க்கு மேல் ஆகாது. நான் அதைச் செய்யவில்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ளுங்கள், வயிறு நிறையக் குடிக்காதீர்கள். அரை மராத்தானுக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் ஒரு பத்துக் கிலோமீட்டர் கட்டாயம் ஓடுங்கள். எவ்வளவு வேகமாக ஓடுவீர்கள் என்று தெரியும். யாரோடு ஓடுகிறீர்கள் என்றும் தெரியும். காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஆகாமல் எந்தப் பந்தயத்திலும் நிற்காதீர்கள். கயிற்றின் மறுமுனையில் இன்னொருவர் இருந்தால், உங்கள் உடம்பு உங்களுக்கு மட்டும் சொந்தமான விஷயம் இல்லை.

சான்றைக் கொடுத்தோம், மலரையும் செலினையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் தனி எண் வாங்கியிருக்கிறேன், எனக்கும் அது முதல் அரை மராத்தான்தான். பயிற்சிக்கு இன்னும் நான்தான் மலரோடு போகிறேன், என் வேகத்தில் இரண்டு நாள். மற்ற இரண்டு நாளைக்கு மைதானத்துக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தியை அவளே பேசிப் பிடித்துவிட்டாள். இன்று காலை வளையத்தைக் கையில் மாட்டும் முன், ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, நாலு சுற்றுக்கு மேல் என்னால் முடியாது என்றேன். "சரி, நாலு," என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அதையும் சொன்னேன்.